ஒரு பைசா வேண்டாம் என்று சொன்னது நான்தான்

“ஃப்ரீன்னு சொன்னது நீதானே மக்களே? இப்ப துட்டு கேட்டா எப்பிடி?”

அச்சகத்து அண்ணாச்சி கோபப்படவில்லை. கல்யாணக் கார்டு ப்ரூஃபைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஆறு மாதமாகிறது. தக்கலை பஸ்ஸில் ஏறினால் இன்னும் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அச்சகக் கணினிகளில் மென்பொருள்களின் திருட்டுப் பிரதிகளை விட்டு, காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் என்று மாறலாம் என்றது நான். அவரைச் சம்மதிக்க வைத்தது ‘ஒரு பைசா வேண்டாம்’ என்ற என் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல். அதனால் யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளுக்காக 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் பேசுவது விலையை அல்ல, உரிமையை என்று வருடக்கணக்காக விளக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சங்கடமே இல்லை. ‘கட்டற்ற’ என்று தனிச்சொல் இருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ‘இலவசம்’ என்றேன், வேலை நடக்க வேண்டுமே என்று. அது தப்பா? அன்றைக்கு வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

துட்டு கேட்டதற்குக் காரணம் ஒரு ‘கொ’. பக்கம் கட்டும் ஒரு சின்ன மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். கணினிக்குள் ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்த இரண்டு எண்கள்தான். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது தனி வேலை. அந்த மென்பொருளைச் செய்பவர்களுக்கு எழுதிப்போட்டேன். மூன்றாம் நாள் எங்கேயோ இருந்து ஒருவர் இரண்டு படம் அனுப்பி, “இதில் எது சரி?” என்று கேட்டார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சரிசெய்து அனுப்பிவிட்டார்.

அந்த மென்பொருள் திட்டத்துக்குத்தான் 5,000 ரூபாய் அனுப்பலாம் என்றேன். மறுத்ததும், “சபை அசனச் சாப்பாட்டுக்கு யாரும் கேக்காமலே வருசாவருசம் அரிசி குடுக்கீங்களே” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அங்க கிடாரத்துல கிளறுதது யாருன்னு எனக்குத் தெரியும். இவன் யாரு? பேரு என்ன?”

பேர் எனக்கும் தெரியாது. நான்கு எழுத்தில் ஒரு புனைபெயர், அவ்வளவுதான்.

கஞ்சத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், உலகமே அவரைப் போலத்தான் நடந்திருக்கிறது. 2002-இல் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் நிரலை எல்லோருக்கும் விடுவிக்க 1,00,000 யூரோ வேண்டும் என்றபோது ஏழே வாரத்தில் சேர்ந்தது. அதைத் தினமும் திறந்து படம் செய்தவர்கள் கொடுத்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் யார் கண்ணுக்கும் படாத சாமான். இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டு அதுதான். அதற்கு வந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். 2014-இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே தெரிந்த பிறகே பெரிய கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டன. அடுப்படி தெரிந்தால்தான் அரிசி வருகிறது. அப்படியானால் அடுப்படியைக் காட்டாதது என் குறைதானே? ஆனால், பெயர் தெரியாததால் கடன் இல்லை என்று ஆகிவிடுமா? இதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என் கார்டிலிருந்து 1,000 ரூபாய் அனுப்பினேன். மனசு ஆறவில்லை.

ஆறாததற்குக் காரணம் வேறு, அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் புனைபெயர்க்காரர் பணமே கேட்கவில்லை. ‘கொ’ சரியான மறுவாரம் பதினான்கு படங்கள் அனுப்பி, ஒவ்வொன்றின் கீழும் “சரியா?” என்று எழுதியிருந்தார். ஆவணி முகூர்த்த நெருக்கடி. நான் பதில் போடவில்லை. முகூர்த்தம் முடிந்தும் போடவில்லை. அண்ணாச்சியிடம் தாராளம் பேசிய அன்று அந்த மெயில் என் பெட்டியில் அப்படியே கிடந்தது.

போன வாரம்தான் திறந்தேன். ஐந்துக்குப் பதில் எழுதிவிட்டேன். ஆறாவது ‘ஸ்ரீ’. அதை இரண்டு விதமாகத் தட்டலாம். இரண்டும் ஒரே வடிவமாக வர வேண்டுமா என்று கேட்கிறார். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அண்ணாச்சி ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்தவர், அவரிடம்தான் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.