உள்ளே யாராவது இருந்தால் வெளியே தெரியுமா?

ஒரு இயந்திரத்துக்குப் பிரக்ஞை, அதாவது உள்ளே எதையாவது உணரும் தன்மை, வந்துவிட்டால் அதன் நடத்தையில் ஏதாவது மாறுமா என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னை விடவில்லை. மாறாது என்பவர்கள் சொல்வது இதுதான்: அடுத்த சொல்லைத் தீர்மானிப்பது சில்லுக்குள் ஓடும் கணக்கு, அந்தக் கணக்கில் உணர்வு வந்து கைவைக்க இடமே இல்லை, ஆகவே உள்ளே யாராவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வருவது அதே சொல்தான்.

சரி, இதே வாதம் மூளையின் நரம்பணுக்களுக்கும் பொருந்துமே? 1874-லேயே ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அப்படித்தான் சொன்னார்: ரயில் என்ஜினின் விசில் சத்தம் என்ஜினை ஓட்டுவதில்லை, பிரக்ஞையும் அதுபோலத்தான் என்று. அது உண்மையென்றால், 'வலிக்கிறது' என்று நான் சொல்வதற்கு என் வலி காரணமே இல்லை என்றாகிவிடும். இதை என்னால் நம்ப முடியவில்லை.

அதனால் வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் நடத்தையை மேலோட்டமாகப் பார்த்தால் அது பிடிபடாது. 1974-இல் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் குழு ஆராய்ந்த டி.பி. என்ற நோயாளிக்கு, மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வைப் பரப்பின் இடப்பக்கம் தெரியாமல் போயிருந்தது. அந்தப் பக்கம் விளக்கைக் காட்டினால் எதுவும் தெரியவில்லை என்பார், ஆனால் சும்மா ஊகித்துக் கை நீட்டச் சொன்னால் பெரும்பாலும் சரியான இடத்தைக் காட்டினார். இதற்கு நேர்மாறானது 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழு வெளியிட்டது. விபத்துக்குப் பின் சொன்ன எதற்கும் பதில் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, ஆரோக்கியமானவர்களின் மூளையில் உயிர்பெறும் அதே பகுதி அவருக்கும் ஸ்கேனில் உயிர்பெற்றது. வெளியே ஒரு பதிலும் இல்லை, உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சாட்ஜிபிடி போல எழுதிப் பேசும் மொழி மாதிரிகள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் 'நான் உணர்கிறேன்' என்ற வாக்கியத்தை அவை நம்மிடமிருந்தே கற்றவை. மனம், உணர்வு பற்றிய பேச்சே காட்டாமல் ஒரு இயந்திரத்தை வளர்த்து, அது தானாகவே பிரக்ஞை பற்றிய புதிரில் போய் முட்டுகிறதா என்று பார்க்கலாம் என்கிறார் தத்துவ அறிஞர் சூசன் ஷ்னைடர். எனக்குப் பிடித்த சோதனை இது, கேட்கவும் எளிதாக இருக்கிறது. அப்புறம் யோசித்தால், எதையெல்லாம் நீக்குவது? வலி, கனவு, பயம் மட்டுமா, 'எனக்கு என்னவோ போல் இருக்கிறது' என்பதையும்தானே? அதையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு, அந்த இயந்திரம் எந்தச் சொல்லைக் கொண்டு நம்மிடம் கேட்கும்?