ஒன்றேகால் கிலோ பிளேட்டும் என் ஜிம் நோட்டும்

எங்கள் பகுதி ஜிம்மில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் ஒரே சார்ட்தான்: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், அப்புறம் கை, கடைசியில் கால். கால் நாளன்று பாதிப் பேர் வரமாட்டார்கள். வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்தப் பிரிப்பு சரி. ஆரம்பத்தில் இருப்பவருக்கு ஒரு தசைக்கு வாரம் ஒரே ஒரு முறை வேலை கொடுப்பது வீண் என்று எனக்குப் பட்டது. மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, எனக்கென்று ஒரு திட்டம் எழுதிக்கொண்டேன்.

திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் ஜிம். ஒரு நாள் ஸ்குவாட் (பிளேட் எனும் எடை வட்டுகள் மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி பாரைத் தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது). இப்படியே மாறி மாறி வரும். நிறுத்தாமல் ஐந்து முறை (ஐந்து ரெப்) செய்தால் ஒரு செட், அப்படி மூன்று செட். டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட், ஆளை அசத்த அதுவே போதும். எல்லா ரெப்பும் முடிந்தால் அடுத்த முறை எடை கூடும். முடியாவிட்டால் அதே எடை. "கர்ல் இல்லாமல் என்னண்ணே ஜிம்?" என்று பக்கத்தில் நின்ற தம்பி கேட்டான். ஆசைக்கு வெள்ளிக்கிழமை கடைசியில் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது) இரண்டு செட் வைத்திருக்கிறேன்.

எடையைப் படிப்படியாக ஏற்றும் இந்த முறை பெயர் பெற்றது ஒரு ராணுவ மருத்துவமனையில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு மருத்துவர் தாமஸ் டிலோர்ம் கனமான எடை கொடுத்துப் பயிற்சி அளித்தார். 1945இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அடிபட்டவர்களுக்கு லேசான எடையே போதும் என்று நினைத்த காலம் அது.

ஏற்றுவது என்று முடிவான பிறகு, எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் கேள்வி. ஒலிம்பிக் பார் 20 கிலோ. எங்கள் ஜிம்மில் இருப்பது மெல்லிய பார். எடை பார்க்கும் மெஷினில் பாரோடு ஒரு முறையும் வெறுங்கையோடு ஒரு முறையும் ஏறிக் கழித்துப் பார்த்தேன்: 10 கிலோ. அங்கே இருக்கும் ஆகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ கூடிவிடும். 40 கிலோ ஸ்குவாட்டில் அது எட்டில் ஒரு பங்கு, கால்கள் தாங்கிக்கொள்ளும். 20 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸிலோ அது கால் பங்கு! தோள் அந்த வேகத்தில் பலம் பெறாது. ஆரம்பத்தில் பலரும் பிரஸ்ஸை விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி, துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். 20, 22.5, 25 என்று ஏறுகிறது. ஐந்தாவது ரெப்பில் பார் நெற்றி உயரத்தில் வந்து அப்படியே நிற்கும். மூச்சை வயிற்றில் அடக்கி, பிட்டத்தை இறுக்கி, தலையைப் பாருக்கு அடியில் கொண்டுபோனால் மெதுவாக மேலே போகும்.

டெட்லிஃப்ட்டில் வேறு சிக்கல். முறையான பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சின்ன இரும்பு பிளேட் மாட்டினால் பார் கணுக்காலுக்குப் போய்விடும், முதுகு வளையாமல் எடுக்க முடியாது. இரு பக்கமும் தடிமனான பிளேட்டுகளைப் படுக்க வைத்து அதன்மேல் பாரை ஏற்றிக்கொள்கிறேன்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கூடியிருக்கின்றன.

ஸ்குவாட் இன்னும் தங்குதடையின்றி ஏறுகிறது. பிரஸ்தான் 30 கிலோவில் நிற்கிறது. தொடர்ந்து மூன்று முறை முடியாவிட்டால் பத்து சதவீதம் அளவுக்குக் குறைத்து மறுபடி ஏறுவது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். புதன்கிழமையும் அந்த ஐந்தாவது ரெப் ஏறாவிட்டால் 27.5க்கு இறங்குவேன்.