மூடியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்

வண்டிக்கு 14 வயது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுவதே வேலையாகிப் போயிருந்தது. ஊற்றியது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைத்தேன். காலையில் அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மேலே நகரும். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஐந்து வார இறுதிகள் பிடித்தது. அப்போதைக்கப்போது நோட்டில் கிறுக்கி வைத்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் சனி

எஞ்சின் நன்றாக ஆறியிருந்த காலை நேரம். ரிசர்வ் டேங்கில் (சூட்டில் ரேடியேட்டரிலிருந்து வழியும் கூலண்ட் போய்ச் சேரும் பிளாஸ்டிக் தொட்டி) கூலண்ட் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே விரலுக்கு ஈரமே எட்டவில்லை. 600 மில்லி ஊற்றிய பிறகுதான் கழுத்து வரை வந்தது. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "டேங்க் ஃபுல். ரேடியேட்டர் காலி. மேல் ஹோஸ் சப்பையாக இருக்கிறது, பழசு, மாற்ற வேண்டும்." விடை முழுவதும் அந்த ஒரு வரியிலேயே இருந்திருக்கிறது. அப்போது அதைப் படிக்கத் தெரியவில்லை.

எஞ்சின் கணினி பதியும் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி ஓட்டிப் பார்த்தேன். அதில் வந்த முதல் பாடம், டேஷ்போர்டு முள்ளை நம்பக் கூடாது என்பது. ரீடர் 80 டிகிரி காட்டும்போதும் முள் நடுவில், 104 காட்டும்போதும் நடுவில். ஓட்டுபவர் சின்ன ஏற்றத்துக்கெல்லாம் பயந்துவிடக் கூடாது என்று பல வண்டிகளில் முள்ளை இப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். முள் அசைவதற்குள் நிலைமை மோசமாகிவிடுகிறது. ஃபேன் 96-ல் ஓட ஆரம்பித்து 91-ல் நின்றது, ஆக ஃபேன் மேல் குற்றமில்லை. இன்னொன்று: சூடு ஏறிய நேரத்தில் கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் குளிர்ந்த காற்று வந்தது. எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் சூடு வரவில்லை என்றால் அங்கே கூலண்ட் போய்ச் சேரவில்லை, குழாயில் காற்று நிற்கிறது என்று பொருள்.

தெர்மோஸ்டாட் படலம்

இங்கேதான் அவசரப்பட்டேன். சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்தான் (கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு) காரணம் என்று எங்கேயோ மனதில் பதிந்து போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஏதோ தோன்ற, பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அது அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் போட்டு அடுப்பில் ஏற்றினேன். மேலே 82 என்று பொறித்திருந்தது. 80 வரை அசைவில்லை. 83-ல் வால்வின் ஓரத்தில் மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது மெல்ல மெல்ல அகன்று, 94-ல் விரல் நுனி நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. தண்ணீர் ஆற ஆற அதே நிதானத்தோடு மூடிக்கொண்டது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து கம்பியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் இயந்திரம். 14 வருடம் இதைப் பிசகாமல் செய்திருக்கிறது. குறையே இல்லாத ஒன்றைக் கழற்றிவிட்டேன். (அந்தப் பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், இனிப்பாகவும் இருக்கும். சிந்தியதை நாய், பூனை நக்காமல் உடனே துடைத்துவிட வேண்டும்.)

கழற்றி மாட்டியதில் புது வம்பு ஒன்றும் வந்து சேர்ந்தது. மறுநாள் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டால் ரேடியேட்டர் கழுத்தில் குமிழி குமிழியாக வந்தது. வயிறு கலங்கியது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனில் சொன்னேன். "குமிழி வருதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் தம்பி, ஹெட்டைக் கழற்றினாத்தான் தெரியும்" என்றார். போனில் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் வாரம்: நீலம் நீலமாகவே இருந்தது

சிலிண்டர்களுக்கு மேலே மூடி போல் உட்காரும் பாகம்தான் ஹெட், அது எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகடு ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றுவது என்பது டைமிங், கேஸ்கெட், போல்ட் என்று நீளும் வேலை. அதற்கு முன் சந்தேகத்தை உறுதி செய்யச் சுலபமான வழி இருக்கிறது. எரிபுகை சோதனைக் குழாய் ஒன்றை இரவல் வாங்கினேன். ரேடியேட்டர் கழுத்தில் அதை வைத்து, மேலே நீலத் திரவத்தை ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை ரப்பர் பந்தால் அதன் வழியே உறிஞ்ச வேண்டும். சிலிண்டரிலிருந்து எரிபுகை கூலண்டுக்குள் கசிந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். கூலண்ட் மேலேறித் திரவத்தில் கலந்தால் சோதனை கெட்டுவிடும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டேன். எஞ்சின் சூடாகி ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விட்டு, இரண்டு நிமிடம் பந்தை அழுத்தி அழுத்தி விட்டேன். நீலம். நம்பிக்கை வராமல் மறுநாளும் செய்தேன். அன்றும் நீலம்தான். திரவம் நல்லதுதானா என்று பார்க்க மூச்சை அதில் ஊதிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போனது. ஆக திரவம் வேலை செய்கிறது, கேஸ்கெட்டும் வேலை செய்கிறது.

ஆயில் குச்சியில் பால் போன்ற கலங்கல் இல்லை. சைலன்ஸரில் வெள்ளைப் புகையோ இனிப்பு வாடையோ இல்லை. முன் இருக்கைக்கு அடியில் கார்பெட் காய்ந்தே இருந்தது, ஆகவே கேபினுக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரிலும் கசிவு இல்லை. அப்படியானால் குமிழி? அது நான் செய்த வினை. தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு காற்றைச் சரியாக வெளியேற்றவில்லை. வண்டியின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, கழுத்தில் பெரிய புனல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைப் பிசைந்துகொண்டே ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்தேன். குளக் குளக் என்று காற்று வந்து, அப்புறம் அடங்கியது.

ஒரு வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. அடுத்த வாரம் மறுபடியும் 500 மில்லி குறைந்தது.

அழுத்தச் சோதனை

கைப்பம்பும் மீட்டரும் உள்ள சோதனைக் கருவி. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டும். என் மூடியில் 1.1 பார் என்றிருந்தது. ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் 0.8-க்கு இறங்கியது. ஆஹா, சிக்கியது என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு மாலைகளும் டார்ச்சோடு போயின. வாட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே லேசான வெள்ளைப் படிவு இருந்தது. அதைத் துடைத்துக் காத்திருந்தேன், திரும்ப வரவில்லை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு ஓரமாக விரலை ஓட்டினேன். எல்லா ஹோஸ் முனைகளையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றினேன். எங்கும் ஈரமில்லை. கடைசியில் எரிச்சலில் எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீரை அடித்தேன். நுரை வந்தது எங்கே தெரியுமா? இரவல் கருவியின் அடாப்டரில். அதன் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. வேறு வாஷர் போட்டு ஏற்றினால் 20 நிமிடம் 1.1-லேயே முள் ஆடாமல் நின்றது.

கசிவே இல்லாத வண்டி, வாரம் அரை லிட்டர் குடிக்கிறது. அன்றைக்கு நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

நான்காம் ஞாயிறு

எதையும் கழற்றாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது என்று முடிவு செய்தேன். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினை அணைக்காமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரிசர்வ் டேங்கின் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் பிளாஸ்டிக் வழியே உள்ளே தெரியும். ரீடரில் 94, 97. ஃபேன் ஓடியது, நின்றது. அடுத்த சுற்றில் 102 வரை ஏறியது. அப்போது டேங்கின் அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. அளவு மேல் கோட்டைத் தாண்டி, டேங்கின் வெளியேற்றுக் குழாய் வாயைத் தொட்டது. கீழே சக்கரத்துக்கு மேலுள்ள வீல் ஆர்ச் உறைக்குப் பின்னால் ஏதோ சொட்டும் சத்தம்.

உறையைக் கழற்றினேன். உட்புறம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்து காய்ந்த கூலண்ட், உப்பளம் மாதிரி. வண்டி ஓடும்போதும் நெரிசலில் நிற்கும்போதும்தான் வெளியேறியிருக்கிறது. ஆறிய வண்டிக்கு அடியில் அட்டை விரித்தால் எப்படித் தெரியும்?

எரிபுகை இல்லை என்று நீலத் திரவம் முன்பே சொல்லிவிட்டது. அப்படியானால் டேங்கில் வந்தது நீராவி. 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய அமைப்பு 102 டிகிரியில் கொதிக்கிறது என்றால் அழுத்தம் நிற்கவில்லை. ஆனால் சோதனையில் நின்றதே? நின்றது, மூடி இல்லாதபோது! சோதனைக் கருவி உட்காருவதே மூடியின் இடத்தில்தான். எல்லாவற்றையும் சோதித்த நான் மூடியை மட்டும் நான்கு வாரமும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டே சோதித்திருக்கிறேன்.

கருவிப் பெட்டியிலேயே மூடியைச் சோதிக்கும் இணைப்பும் இருந்தது. மாட்டி ஏற்றினால் 0.4-லேயே புஸ்ஸென்று விட்டுவிட்டது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தத்தில் அது 125-க்கும் மேல் போகும். நானோ வாராவாரம் வெறும் தண்ணீரை ஊற்றிக் கலவையை நீர்க்க வைத்திருந்தேன். சென்சார் 102 சொல்லும்போது ஹெட்டுக்குள் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடங்கள் இன்னும் சூடாக இருக்கும், கொதிப்பு அங்கே தொடங்கிவிடும்.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பெரிய ரப்பர் வளையத்தில் கழுத்தின் விளிம்பு பதிந்து ஆழமான வெட்டு. நடுவில் பித்தளையில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அந்த வால்வு திறந்து, டேங்கில் இருப்பதைத் திரும்ப ரேடியேட்டருக்குள் இழுக்க வேண்டும். நகத்தால் இழுத்தால் அது லேசாகத் தூக்க வேண்டும். வரவில்லை. பழுப்பான பிசின் மாதிரி ஒன்று ஒட்டிப் பிடித்திருந்தது. முன்பு யாரோ ஒத்துவராத இரண்டு வகைக் கூலண்டைக் கலந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். டேங்கின் அடியிலும் அதே சேறு கிடந்தது.

முதல் சனிக்கிழமை நோட்டுக்குப் போனேன். டேங்க் ஃபுல், ரேடியேட்டர் காலி, ஹோஸ் சப்பை. சூட்டில் வெளியே போகிறது, ஆறினால் திரும்ப வழியில்லை. வேறெங்கும் காற்று நுழைய ஓட்டை இல்லாததால் வெற்றிடம் ஹோஸைச் சப்பி இழுத்திருக்கிறது. கசிவு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. நான் அதைப் பழைய ரப்பர் என்று எழுதிவிட்டேன்.

இப்போது

1.1 எழுதிய புது மூடி. கழுத்தின் உள்விளிம்பைத் துணியால் துடைத்தேன், பள்ளம் ஏதுமில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவினேன். ரேடியேட்டரை மூன்று முறை காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசி, வண்டியின் கையேட்டில் சொன்ன வகைக் கூலண்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். நிறத்தைப் பார்த்து வாங்கவில்லை. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

டேங்கில் டேப் ஒட்டி, காலை மட்டம் ஒரு கோடு, சூட்டில் ஒரு கோடு என்று பேனாவால் குறித்திருக்கிறேன். மூன்று வாரமாக இரண்டுக்கும் நடுவிலேயே ஏறி இறங்குகிறது. நெரிசலில் ரீடர் 97-ஐத் தாண்டவில்லை. காலையில் மேல் ஹோஸ் உருண்டையாக இருக்கிறது, அதே பழைய ஹோஸ்தான்.

மூன்றாவது அலசலிலும் தண்ணீர் லேசான பழுப்பில்தான் வந்தது. அடுத்த மாதம் வடித்து இன்னொரு முறை அலச வேண்டும். மெக்கானிக் அண்ணனிடம் மூடியின் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, பழைய தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே என்றார். அது டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.