நூலகத்துக்கு வரி விலக்கு கேட்டோம்: மனுவுக்குப் பதில் வாங்கிய அனுபவம்

எங்கள் அறக்கட்டளை நடத்தும் இலவச நூலகத்துக்குச் சொத்து வரி விலக்கு கேட்டு 2019இல் நகராட்சியில் மனு கொடுத்தோம். சட்டப்படி இதில் பெரிய சிக்கல் இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1920ஆம் ஆண்டு தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 83ஆம் பிரிவிலேயே, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நூலகங்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு அரையாண்டும் வரி வந்துகொண்டிருந்தது, அதோடு நூலக வரியும் சேர்ந்து. ஊருக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கும் இடத்திலேயே நூலக வரி வாங்குவது எங்களுக்கு உறுத்தலாகவே இருந்தது.

அறக்கட்டளைப் பத்திரம், தணிக்கை அறிக்கை, வாசகர் பதிவேட்டின் நகல் எல்லாம் வைத்து தபால் பிரிவில் கொடுத்தோம். எழுத்தர் நகலில் இனிஷியல் போட்டுத் தந்தார். அது போதாது என்று நின்று, தேதியும் வரிசை எண்ணும் உள்ள முத்திரை கேட்டு வாங்கினோம். மனு எந்தத் தேதியில் வந்தது என்பதற்குச் சான்று இல்லையென்றால் எந்தக் கெடுவையும் நம்மால் எண்ணிக் காட்ட முடியாது.

அப்புறம் வழக்கமான பதில்கள்தான். "ஃபைல் மேலே போயிருக்கு", "ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) ஃபீல்டுக்குப் போயிருக்கார்". யாரும் மறுக்கவில்லை, யாரும் முடிவும் சொல்லவில்லை. மறுத்திருந்தாலாவது மேல்முறையீடு செய்யலாம். முடிவே எடுக்காமல் கிடப்பில் போட்டால் எதை எதிர்த்து எங்கே போவது?

நண்பரான வழக்கறிஞர் ஒருவர் 21.9.2015 தேதியிட்ட அரசாணை எண் 99ஐக் காட்டினார். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்டது. மனு வந்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு நினைவூட்டல் எழுதினோம். அதற்கும் பதில் இல்லை. இதற்கிடையில் அரையாண்டு வரிக்கான நாள் வந்தது. பாக்கி ஏற வேண்டாம் என்று, விலக்கு மனு மீதான முடிவுக்கு உட்பட்டே கட்டுகிறோம் என ஒரு கடிதமும் கொடுத்துவிட்டுக் கட்டினோம்.

காரியத்தை நகர்த்தியது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, இவ்வளவுதான் கேட்டோம்: எங்கள் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எந்தத் தேதியில் அவரிடமிருந்து போனது, இப்போது யாரிடம் இருக்கிறது, கோப்புக் குறிப்புகளின் நகல். "ஏன் தாமதம்?" என்று கேட்கவில்லை. அது தகவல் இல்லை, விளக்கம் என்று சொல்லித் தட்டிவிடுவார்கள்.

அரசாணையின் ஒரு மாதத்தைக் கண்டுகொள்ளாத அதே அலுவலகம், தகவல் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்ற இந்தச் சட்டத்தின் கெடுவை மதித்தது. காரணம் தெளிவு. இங்கே தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதமாக, பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரே சொந்தப் பணத்தில் கட்ட நேரலாம். தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று சொல்லாத கெடு வெறும் வேண்டுகோள்தான். வரி விலக்கு மனுக்களுக்கும் இப்படி ஒரு பொறுப்பு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

பதில் வருவதற்கு முன்பே வருவாய் ஆய்வாளர் நேரில் வந்துவிட்டார். இரவல் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மாடியில் யாராவது குடியிருக்கிறார்களா, முன்பக்கம் கடை ஏதும் வாடகைக்கு விட்டிருக்கிறதா, உறுப்பினர் கட்டணம் உண்டா என்று கேட்டார். பூட்டியிருந்த அறையையும் திறந்து காட்டச் சொன்னார், உள்ளே பழைய இதழ் கட்டுகள்தான். எல்லாம் நியாயமான கேள்விகள். முதல் மாதமே வந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும் வேலை.

விலக்கு ஆணை வந்தது, மனு கொடுத்த அரையாண்டிலிருந்தே நடைமுறைக்கு வரும்படி. முத்திரைத் தேதி இருந்ததால்தான் அதைக் கேட்க முடிந்தது. இடையில் கட்டிய தொகைக்குத் தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கினோம்.

இப்போது மனு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 13 முதல் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய 83ஆம் பிரிவைக் குறிப்பிடாமல், புதிய சட்டத்தைப் பார்த்து அதன் பிரிவு எண்ணை எழுதுங்கள்.