முருகேசனுக்கு இரண்டாவது ஊசி

அதுவரை அந்த அம்மா என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு விஷயம் சொன்னேன், 'சார்' ஆகிவிட்டேன். எட்டு மாதமாகிறது. இன்னமும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

கால்நடை டாக்டரான என்னிடம் காய்கறிக் கூடையில் பழைய துண்டைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நட்சத்திர ஆமை. பதினோரு வருடமாக வீட்டில் வளர்கிறதாம், பெயர் முருகேசன். நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை. சுவரை ஒட்டியே நடக்கிறது, பின்னங்காலால் தரையைப் பிராண்டுகிறது.

"வீட்டை விட்டுப் போகணும்னு நினைக்குதோ தம்பி? கண்ணுல தண்ணி வேற வருது. அழுவுது பாருங்க."

அழவில்லை என்றேன். நமக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிய ஒரு குழாய் இருக்கிறது, ஆமைக்கு அது கிடையாது, அதனால் வெளியே வழிகிறது. இமை வீங்கி ஒட்டிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். பேசிக்கொண்டே ஓட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். லேசாக அமுங்கியது. வளர்ந்த ஆமைக்கு ஓடு கல் மாதிரி இருக்க வேண்டும். சாப்பாடு வெள்ளரிக்காய், தக்காளி, எப்போதாவது பாலில் நனைத்த பன். வெயில் காட்டுவீர்களா என்றால், "ஹால் ஜன்னல்ல நல்லா வெயில் வருமே" என்றார். கண்ணாடி போட்ட ஜன்னல். சூடு வரும், வெளிச்சம் வரும்; ஆமை உடம்பு வைட்டமின் டி3 செய்துகொள்ளத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். அந்த வைட்டமின் இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது.

எக்ஸ்ரேயில் நாலு முட்டை.

"முருகேசன் பொண்ணும்மா" என்றேன். அந்த அம்மா அப்படிச் சிரித்தார். "ஜோடியே இல்லாம எப்படி தம்பி?" கோழி மாதிரிதான், சேவல் இல்லாவிட்டாலும் முட்டை உண்டு, குஞ்சு வராது. ஓடிப்போகப் பார்க்கவில்லை, முட்டையிட மண் தேடியிருக்கிறது. டைல்ஸ் தரையில் எங்கே தோண்டும்? இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். கால்சியம் குறைந்த உடம்பில் முக்கி வெளியே தள்ளவும் தெம்பிருக்காது. முன்னங்காலில் கால்சியம் ஊசி போட்டேன். நாளை மறுநாள் இரண்டாவது ஊசி, அதற்கும் முட்டை வராவிட்டால் முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடோசின் மருந்து.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கை கழுவிக்கொண்டே, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "அம்மா, இதை வீட்ல வச்சிருக்கக் கூடாது. சட்டப்படி குத்தம். குறைஞ்சது மூணு வருஷம் உள்ள போட்டுடுவாங்க. வனத்துறைகிட்ட ஒப்படைச்சிடுங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. துண்டை எடுத்து முருகேசனை மறுபடி சுற்றினார். "அங்க இதுக்கு யாரு வேளாவேளைக்குக் குடுப்பா?" என்றார், என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. அப்புறம், "சரிங்க சார்."

நாளை மறுநாள் வரவில்லை. கொடுத்திருந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

நான் சொன்னதில் தப்பில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த நட்சத்திர ஆமை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. புலி இருக்கும் அட்டவணை. பெட்டிகளில் அடைத்து விமானத்தில் கடத்தப்படும் ஆமை இது. தெரிந்த டாக்டர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஆனால் சட்டத்தின் மேல் அவ்வளவு மரியாதை இருந்தால், பதிவேட்டில் ஏன் வெறும் 'ஆமை – 1' என்று மட்டும் எழுதினேன்? பயந்தது எனக்காகத்தான். நாளைக்கு யாராவது கேட்டால் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். பதினோரு வருடமாக ஆமையால் ஒரு குறையும் இல்லாத வீட்டுக்கு அன்று அமீனாவாகப் போனது நான்.

இதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது. 'எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்' என்று சொல்லவில்லை. பயந்த மனுஷி கண்மாய்க் கரையிலோ முள்ளுக்காட்டிலோ இறக்கிவிட்டிருந்தால்? அமுங்கும் ஓட்டோடு, வயிற்றில் நாலு முட்டையோடு, நாய்கள் திரியும் இடத்தில். வீட்டில் வளர்ந்தது காட்டு ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோகவும் கூடும். ஒரு பெரிய டப்பில் ஈர மண்ணும் மணலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்குக் கொட்டி, வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள் என்பதையும் சொல்லவில்லை. இரண்டாவது ஊசிக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சட்டத்தையும் அந்த இரண்டாவது ஊசியின்போதே சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். முட்டை போன பிறகு வருவாரா என்ன, அதனால் முதல் நாளே சொன்னதுதான் சரி என்று சில நாள்.

போன மாதம் ஒரு பையன் செருப்பு டப்பாவில் ஒரு குட்டி நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்தான். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, நுரையீரலில் சளி. வெந்நீரில் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாகத் தினம் கால் மணி நேரம் உட்கார வை, இரவில் குளிரவிடாதே, முருங்கைக்கீரை கொடு, செம்பருத்தி இலை கொடு, வெளியே எங்கும் விட்டுவிடாதே என்று எல்லாம் சொன்னேன். மற்றதை அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்தான். குமிழி நின்றிருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை.