கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் இடையில் ஒரு பரீட்சை

ஜூலை 19, சனி

ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) பெறுபேறு வந்ததிலிருந்து, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று சொல்ல ஊரில் எல்லாருமே வழிகாட்டிகள்தான். பாண் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் தன் மகள் ஏன் உயிரியல் எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மகளும் அங்கேதான் நின்றாள். வாய் திறக்கவில்லை. இந்த அமளிக்குள் இருந்துதான் நான் பாடசாலை வழிகாட்டல், ஆலோசனை டிப்ளோமாப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

பரீட்சை ஆகஸ்ட் 23. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் தேர் 21, தீர்த்தம் 22. திகதி போட்டவருக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லைப் போல. எங்கள் வீடு கோயிலுக்குக் கிட்ட. கொடி ஏறிவிட்டால் வாசலுக்கு வாகனம் வராது, ஒலிபெருக்கி ஓயாது.

இதை எழுத ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். என் பாடசாலைப் பிள்ளைகள் யாரும் இங்கே வரமாட்டார்கள், பெயரை மாற்றிக்கூட. 'பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று' என்று தொடங்கினாலே பாதிப் பேருக்கு ஆள் பிடிபட்டுவிடும். வீட்டாரைப் பற்றி எழுதுவேன், அவர்களிடம் கேட்டுவிட்டு.

ஜூலை 23, புதன்

ஒழுக்கவியலும் சட்டமும் என்ற பகுதியை முதலில் எடுத்தேன். புள்ளி நிச்சயமாகக் கிடைக்கும் இடம் அது. உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. அதன் முறைப்பாட்டு இலக்கம் 1929, மனநல உதவிக்கான இலக்கம் 1926. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் பரீட்சையில் இரண்டு புள்ளி போகும். பாடசாலைச் சுவரில் மாற்றி எழுதினால் என்ன போகும் என்று யோசித்தேன். எங்கள் சுவரில் இரண்டுமே இல்லை. நாளைக்கு அதிபரிடம் கேட்டு நானே ஒட்டப்போகிறேன்.

இரகசியம் பேணுவதற்கு விதிவிலக்குகள் உண்டு. பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து, துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை. குறிப்புகளில் 1976இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் கொடுத்த தராசோப் தீர்ப்பும் இருக்கிறது: ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய மூன்றாம் ஆளைப் பாதுகாக்க வேண்டிய கடமை சிகிச்சையாளருக்கு உண்டு. பாடம் விளங்குகிறது. ஆனால் எந்தக் குறிப்பிலும் இல்லாத கேள்வி ஒன்றுதான் எனக்குப் பெரிது. ஆலோசனைக்கு ஒரு பிள்ளை வந்தது என்ற செய்தியே இங்கே இரகசியம் இல்லையே! கதவைச் சாத்த முன்னம் கன்ரீன்காரருக்குத் தெரிந்துவிடும்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று கொடியேற்றம். விடியவே மாமியோடு போய் வந்தேன். வீதி மணலில் அங்கப்பிரதட்சணம் செய்தவர்களுக்கு வழி விட்டு விட்டு வீடு வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

பின்னேரம் செவிமடுக்கும் திறன்கள். ஆலோசனை பற்றிப் பாடநூல் எழுதிய ஜெரார்ட் ஈகன் சொன்ன ஐந்து: நேருக்கு நேர் இருத்தல், கை கால்களைக் கட்டிக்கொள்ளாதிருத்தல், சற்று முன்னே சாய்தல், கண்ணைப் பார்த்தல், தளர்வாக இருத்தல். ஐந்தையும் எழுதிப் பார்த்துவிட்டு மாமியிடம் பரீட்சித்தேன். கதிரையைத் திருப்பிப் போட்டு, முன்னே சாய்ந்து, கண்ணைப் பார்த்து, "சொல்லுங்கோ மாமி" என்றேன்.

"என்ன பிள்ளை, ஏதும் கடன் கேட்கப் போறியோ?"

சரி என்று விட்டுவிட்டுக் குசினிக்குப் போய் முருங்கையிலை உருவ உட்கார்ந்தேன். மாமியும் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு எதிரே சப்பாணி கட்டி இருந்தார். இரண்டு பேரின் கண்ணும் சுளகில். ஈர்க்குகளை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே 95இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் மருமகளாக வந்ததிலிருந்து ஒரு நாளும் கேட்டிராத கதை. இலை முடிந்ததும் கதையும் நின்றது. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரி கொடுத்த சாக்கைப் பற்றி இன்னும் ஏதோ இருந்தது. நான் கேட்கவில்லை, அவராகச் சொல்லட்டும்.

எங்கள் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு ரீச்சரை நேரே கண் பார்த்துக் கதைப்பார்கள்? பார்த்தால் வீட்டில் அதற்கு வேறு பெயர். ஈகனைக் குறை சொல்லவில்லை. ஐந்தும் கட்டளைகள் அல்ல, ஆளுக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றிக்கொள் என்றுதான் அவரும் சொல்கிறார். எங்கள் குறிப்பை அச்சடித்தவர் அந்த வரியை விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தொழில் வழிகாட்டல். பிராங்க் பார்சன்ஸ் 1908இல் பொஸ்டனில் தொழில் வழிகாட்டல் பணியகம் ஒன்றைத் திறந்தார், அதே ஆண்டே இறந்தும் போனார். அவருடைய புத்தகம் வெளிவந்தது மறு ஆண்டில். அவர் சொன்ன மூன்று படி இன்றைக்கும் பரீட்சையில் வரும்: உன்னை அறி, தொழிலை அறி, இரண்டையும் பொருத்திப் பார்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா வீட்டிலிருந்து அழைப்பு. பெறாமகனுக்குக் கணிதம் ஏ, தகவல் தொழில்நுட்பம் ஏ, விஞ்ஞானம் பீ. அவனுக்குத் தொழில்நுட்பப் பிரிவு வேண்டுமாம். (அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதேங்கோ சின்னம்மா" என்றான்.) அக்கா வீட்டு விறாந்தையில் அக்கா, அத்தான், அத்தானின் தாய், வட்ஸ்அப்பில் கனடா ஸ்காபரோவிலிருந்து என் அண்ணா. இங்கே இரவு எட்டு, அங்கே காலை பத்தரை. அண்ணா நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, கோப்பியும் கையுமாகத் தெம்பாக இருந்தார்.

"ரெக்னோலஜி எண்டால் கெட்டித்தனம் இல்லாத பிள்ளையள் எடுக்கிறது. மற்ஸ் செய்யட்டும். ரியூசன் காசு நான் அனுப்புறன்."

தொழில்நுட்பப் பிரிவு 2013இல்தான் உயர்தரத்துக்கு வந்தது. அண்ணா ஊரை விட்டுப் போகும்போது அப்படி ஒன்று இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன என்றேன். "அப்ப ஏன் ரெண்டு?" என்றார். நல்ல கேள்விதான். ஒன்றுக்குக் கணிதப் பிரிவின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி), மற்றதற்குத் தொழில்நுட்பப் பிரிவின் இசட் புள்ளி. பொறியியலுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதைச் சொல்லச் சொல்ல அண்ணாவின் முகம் திரையில் உறைந்துவிட்டது. இணைப்புத்தான் போயிருந்தது.

பார்சன்ஸின் முதல் படி 'உன்னை அறி'. அந்த விறாந்தையில் 'உன்' என்பது யார்? கதைத்தது ஐந்து பேர். பையன் வாசற்படியில் நாயின் காதைத் தடவிக்கொண்டு இருந்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா கேட்கிறா: "நீதானே அதுக்குப் படிக்கிறாய், நீயே அவனோட கதைச்சு விடன்." கூடாது. இரட்டை உறவு, ஒழுக்கவியலில் முதல் பாடம். சின்னம்மாவாகக் கதைக்கலாம், ஆலோசகராகக் கதைக்கக் கூடாது. அக்காவுக்கு இது கொழுப்பாகத்தான் படுகிறது.

தொழிலுக்குப் பொருத்திப் பார்க்கும் ஹொலண்டின் ஆறு ஆளுமை வகைகள் பாடம்: யதார்த்தம், ஆய்வு, கலை, சமூகம், முயற்சியாண்மை, மரபு. டொனல்ட் சூப்பர் சொன்ன தொழில் வாழ்க்கைப் பருவங்களும்: 14 வரை வளர்ச்சி, 15 முதல் 24 வரை தேடல், 44 வரை நிலைப்படுதல், 64 வரை பேணல், பிறகு தளர்வு. கரண்ட் போய்விட்டது. போதும்.

ஆகஸ்ட் 9, சனி

கோப்பாயில் ஒரு ரீச்சர் வீட்டில் கூட்டாகப் படித்தோம். அவர் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் முகாம்களில் வேலை செய்தவர். ஆலோசகருக்குக் கார்ல் ரொஜர்ஸ் வைத்த மூன்று அடிப்படை நிபந்தனைகளை (ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாய் இருத்தல்) நாங்கள் மாறி மாறி ஒப்புவித்தபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "முகாமில நான் ஒரு பிள்ளையைத் தனியக் கூப்பிட்டால் தாய் வந்திடும், அம்மம்மா வந்திடும், பக்கத்துக் கொட்டில் ஆக்களும் வந்திடுவினம். முதல் கிழமை எல்லாரையும் கலைச்சுப் பாத்தன். பிறகு எல்லாருக்கும் பாய் போட்டன்."

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் சொல்வதும் இதற்குக் கிட்டத்தான்: வடக்கில் போர் தனி ஆட்களோடு சேர்த்துக் குடும்பத்தையும் ஊரையும் ஒன்றாகவே காயப்படுத்தியது, ஆகவே தனி ஆளுக்குச் சிகிச்சை கொடுப்பது மட்டும் போதாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. பாய் போட்டால் தாய்க்கு முன்னால் சொல்ல முடியாததைப் பிள்ளை எங்கே சொல்லும்? வீட்டுக்குள்ளேயே துன்பம் கொடுக்கும் ஆளும் அந்தப் பாயில் இருந்தால்? ரீச்சர் சிரித்தார். "அதுக்குத்தான் தண்ணி அள்ளுறதுக்குப் பிள்ளையை என்னோட கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போறது."

மற்றவர்கள் இதெல்லாம் பரீட்சைக்கு உதவாது, குறிப்பில் உள்ளதை எழுதினால்தான் புள்ளி என்றார்கள். அதுவும் உண்மை.

ஆகஸ்ட் 16, சனி

பெறாமகன் படிவத்தில் கணிதப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அண்ணாவுக்கு வெற்றிக் களிப்பு. நான் சின்னம்மாவாகக் கேட்டேன்: மாமாவுக்குப் பயந்தோ? இல்லையாம். அவனுடைய சினேகிதன் கணிதம் எடுக்கிறானாம், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் ரியூசன் போவார்களாம். தொழில்நுட்பம்? "பிடிக்காட்டி மாறலாம்தானே."

எனக்கு முதலில் எரிச்சல். அவன் பக்கம் நின்று வாதாடியவள் நான், அவன் என்னையும் கேட்கவில்லை. அப்புறம் சூப்பரை எடுத்துப் பார்த்தேன்: 15 முதல் 24 வரை தேடல். பையன் தேடட்டும். ஆனால் மாறுவதென்றால் பிந்தாமல் மாற வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேர். படிப்பு இல்லை. வாசலில் தண்ணீர்ப் பந்தல், வீடு முழுக்க வன்னியிலிருந்து வந்த உறவுக்காரர். உளவியலாளர் எல்லிஸின் ஏ, பி, சி மாதிரியை (நடந்தது, அதைப் பற்றிய நம்பிக்கை, அதன் விளைவு) அறைக்குள் பாய்கள் போட்டிருந்த இடத்தில் நின்றபடியே ஒருமுறை பார்த்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

எழுதியாயிற்று. தராசோப் வரவில்லை. 1929 வந்தது. ஹொலண்டின் ஆறு வகையும் வந்தது, விளக்கமாக அல்ல, வெறும் பெயர்களாக. பார்சன்ஸை எதிர்பார்த்துப் போன எல்லாருக்கும் ஏமாற்றம்.

சம்பவ ஆய்வில் வகுப்பில் மற்றவர்கள் கேலி செய்வதால் பாடசாலைக்கு வர மறுக்கும் ஒரு மாணவன். முதல் சந்திப்பை எப்படி நடத்துவீர்? தனிமையான, வெளிச்சமான அறை, நேருக்கு நேர் என்று தொடங்கி குறிப்பில் உள்ளபடியே எழுதினேன். அடுத்த பந்தியில், பிள்ளை கண் பார்க்கத் தயங்கினால் இருக்கையைச் சற்றுச் சரித்துப் போட்டு, கைக்கு ஏதாவது வேலை கொடுப்பேன் என்றும், பெற்றோரைச் சந்திக்க முன்னம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிள்ளையிடமே கேட்பேன் என்றும் சேர்த்தேன். திருத்துபவர் கோடு கிழிப்பாரோ, சரி போடுவாரோ. வெளியே வந்து கோப்பாய் ரீச்சரைக் கேட்டால் அவர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லையாம். "அதை எழுத வெளிக்கிட்டால் மூண்டு மணித்தியாலம் காணாது" என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெறுபேறு வர முன்னம் நடைமுறைப் பயிற்சிப் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். அதிபரிடம் ஓர் அறை கேட்டேன். விளையாட்டுப் பொருள் வைக்கும் அறை கிடைத்தது, செவ்வாயும் வியாழனும் மூன்றாம் பாடவேளை. கிரிக்கெட் மட்டைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு இரண்டு கதிரைகளைச் சரிவாகப் போட்டேன். கதவுக்குப் பூட்டு இல்லை, கொண்டியும் இல்லை. தச்சுவேலை செய்யும் ஐயா நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.