ஏபிடிஎம் இணைப்பு முடிச்ச அனுபவம், பிளேட்லெட் கவுண்ட்ல மாட்டுனது உட்பட

நாங்க மூணு பேர் சேர்ந்து சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்குறோம், ஓபி டோக்கன், பில்லிங், லேப், ஃபார்மசி, டிஸ்சார்ஜ் சம்மரி, இந்த அஞ்சும்தான், ஈரோடு கரூர் பக்கம் ஓடிட்டிருக்கு. 2023 நடுவுல அதுல ஒரு நாப்பது பெட் ஆஸ்பத்திரி டாக்டர் கூப்ட்டு, தம்பி, பேஷன்ட்டுங்க ஆபா கார்டை, அதான் அரசோட ஹெல்த் ஐடி கார்டை, காட்டி இதுல என் ரிப்போர்ட் வருமான்னு கேக்குறாங்க, நம்ம சிஸ்டம்ல அது இருக்கான்னார். இல்ல சார், மூணு மாசம் டைம் குடுங்கன்னு சொன்னேன். ஒரு வருசத்துக்கு மேல ஆயிருச்சு. இதே ஏபிடிஎம் இணைப்பு வேலைய ஆரம்பிக்கப் போற சின்ன டீம் யாராச்சும் இருந்தா எங்க நேரம் எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதுறேன், ஏன்னா நாங்க கஷ்டம்னு பயந்த இடம் ஒண்ணு, நெஜமா கஷ்டப்பட்ட இடம் வேற.

ஏபிடிஎம்ங்கறது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளை பேஷன்ட் சம்மதத்தோட இணைக்குற மத்திய அரசு திட்டம். 2020 ஆகஸ்ட் 15ல வேற பேர்ல அறிவிச்சு, புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசத்துல முதல்ல ஓட்டிப் பாத்துட்டு, 2021 செப்டம்பர் 27ல நாடு முழுக்க கொண்டு வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் 14 இலக்க ஆபா நம்பர், அது கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டா எடுத்துக்கலாம். நெறைய பேர் நெனைக்கிற மாதிரி ரிப்போர்ட் எல்லாம் டெல்லில ஒரு பெரிய சர்வர்ல போய் உக்காராது. அது அந்தந்த ஆஸ்பத்திரிலயேதான் இருக்கும், பேஷன்ட் தன் போன்ல சம்மதம் குடுத்தா மட்டும், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்த வகை ரிப்போர்ட், எவ்ளோ நாள் வெச்சிருக்கலாம்னு குறிச்சு, அந்த அளவுக்கு மட்டும் என்கிரிப்ட் ஆகி கேட்டவங்களுக்குப் போகும். எனக்கு இந்த டிசைன் ரொம்ப பிடிச்சிருந்துச்சு, இப்பவும் பிடிச்சிருக்கு.

வேலைய மூணு மைல்ஸ்டோனா பிரிச்சிருக்காங்க. எம்1ல ஆபா எடுக்குறது, சரிபாக்குறது. எம்2ல நம்ம ஆஸ்பத்திரி ரெக்கார்டை ஆபாவோட இணைச்சு வெளிய குடுக்குறது. எம்3ல அடுத்த ஆஸ்பத்திரி ரெக்கார்டை சம்மதத்தோட வாங்கிக் காட்டுறது. எம்1 மூணு வாரத்துல முடிஞ்சுது, அதைப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல.

எம்2 ஆரம்பிச்சதும் முதல் சிக்கல் சர்வர். இங்க எல்லாமே திருப்பிக் கூப்பிடுற முறை, நீங்க ஒண்ணு கேட்டா வாங்கிக்கிட்டோம்ங்கற அர்த்தத்துல 202ன்னு ஒரு பதில் மட்டும் வரும், நெஜ பதில் கொஞ்ச நேரம் கழிச்சு நீங்க குடுத்த யூஆர்எல்லுக்கு வந்து சேரும். ஆனா ஆஸ்பத்திரி சர்வர் பில்லிங் கவுண்டருக்கு அடில இருக்குற ஒரு கம்ப்யூட்டர், அதுக்கு நிலையான ஐபி கூட கிடையாது. அதனால கிளவுட்ல நடுவுல ஒண்ண வெச்சு, வர்றதை அங்க வாங்கி, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அப்பப்ப வந்து எடுத்துக்கற மாதிரி பண்ணோம். கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் இறங்கிட்டா அந்த நேரத்து ரெக்வெஸ்ட் போச்சு. அதுக்கு இன்னும் முழுத் தீர்வு இல்ல.

அடுத்தது என்கிரிப்ஷன். இதுக்குத்தான் நாங்க ரொம்ப பயந்தோம், கர்வ்25519ல சாவி மாத்திக்கணும், ஏஇஎஸ் 256 ஜிசிஎம்ல பூட்டணும், ரெண்டு பக்கமும் குடுக்குற நான்ஸையும் (ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாக்குற எண்) எக்ஸார் பண்ணி முதல் 20 பைட் சால்ட்டு, கடைசி 12 பைட் ஐவி. நான் நான்ஸை பேஸ்64 எழுத்தா இருக்கும்போதே எக்ஸார் பண்ணிட்டேன், முதல்ல டீகோட் பண்ணிருக்கணும். நாலு நாள் போச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க, அது தப்புன்னா சுத்தமா திறக்காது, உடனே தெரிஞ்சுரும். இனிமே நான் சொல்லப் போற தப்பு எதுவும் அப்படி இல்ல, எல்லாமே அழகா போய் சேரும், ஸ்க்ரீன்ல வரும், ஆனா தப்பா வரும்.

முதல்ல பேரு. ஆபா ஆப்ல ஒருத்தர் என் ரெக்கார்டை தேடுன்னு குடுத்தா நமக்கு பேரு, ஆண் பெண், பொறந்த வருசம், மொபைல் நம்பர் வரும், அதை வெச்சு நம்ம டேட்டாபேஸ்ல ஆளை கண்டுபிடிக்கணும். நம்ம ஊர்ல இது எப்படி இருக்கும்னு பாருங்க. ரிஜிஸ்டர்ல "எம். செல்வி", ஆதார்ல "செல்வி முத்துசாமி", இன்னொரு விசிட்ல வீட்டுக்காரர் இனிஷியல் போட்டு "கே. செல்வி". பொறந்த தேதி யாரும் கேக்குறதில்ல, வயசு 55ன்னு அடிச்சிருப்பாங்க, அஞ்சு வருசம் கழிச்சு வந்தப்பவும் 55தான். மொபைல் நம்பர் பையனோடது, அதே நம்பர்ல அம்மா, அப்பா, மாமியார், பையன், பேத்தி அஞ்சு பேர். ரெக்கார்டை அனுப்புற ஃபயர் (FHIR) ஃபார்மட்ல குடும்பப் பேருக்கு ஒரு கட்டம் இருக்கு, நமக்கு குடும்பப் பேரே கிடையாது. கடைசில இனிஷியல கழட்டிட்டு பேரை மட்டும் ஒப்பிடுறது, வருசத்துல முன்ன பின்ன மூணு விடுறது, ஒருத்தருக்கு மேல மேட்ச் ஆனா யாரையுமே காட்டாம கவுண்டருக்கு வாங்கன்னு சொல்லிடுறதுன்னு முடிவு பண்ணோம். மாமியார் ரிப்போர்ட் மருமக போன்ல தெரியுறத விட ஒண்ணும் வராம இருக்குறது மேல்.

ஃபயர்னு சொன்னேன்ல, அது மருத்துவத் தகவலை சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாத்திக்க விதி போடுற ஹெச்எல்7 அமைப்போட ஸ்டாண்டர்டு, ஏபிடிஎம்ல ஆர்4 வெர்ஷன். புனேல சிடாக்ங்கற அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்குற என்ஆர்சிஇஎஸ்தான் இந்தியாவுக்கான ப்ரொஃபைல், அதாவது எந்த ரிப்போர்ட் எப்படி இருக்கணும்ங்கற வடிவம், எல்லாம் போட்டுத் தர்றாங்க, ஓபி கன்சல்ட், பிரிஸ்கிரிப்ஷன், லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசின்னு தனித்தனியா. இதுல ஒரு குறுக்கு வழி இருக்கு, ரிப்போர்ட்டை பிடிஎஃப்பா உள்ள வெச்சு அனுப்பிடலாம். நாங்களும் முதல்ல அப்படித்தான் பண்ணோம், எல்லாம் பச்சையா டிக் விழுந்துச்சு. ஆனா பிடிஎஃப் போனா வாட்ஸப்ல போட்டோ அனுப்புறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வாங்குற டாக்டர் அதை கண்ணால படிக்கலாம், அவர் சிஸ்டம் அதுல இருக்குற ஒரு நம்பரையும் எடுக்க முடியாது. அதனால பிடிஎஃப்பும் போகட்டும், ஒவ்வொரு வேல்யூவும் தனியா கோடோட (குறியீட்டு எண்ணோட) போகட்டும்னு உக்காந்தோம். அங்கதான் பிளேட்லெட் வந்துச்சு.

சாண்ட்பாக்ஸ்ல, அதாவது ஏபிடிஎம்மோட சோதனை ஏற்பாட்டுல, ஒரு பழைய சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை) ரிப்போர்ட்டை அனுப்பி, என் போன்ல திறந்து, லேப் அக்காகிட்ட சந்தோசமா காட்டுனேன். அவங்க ஒரு செகண்ட்தான் பாத்தாங்க. "தம்பி, இந்த கவுண்ட் நெஜம்னா இவரு இந்நேரம் ஐசியூல இருக்கணும்"னாங்க. பிளேட்லெட் 2.5, யூனிட் ஆயிரம் பெர் மைக்ரோலிட்டர்னு நிக்குது, அதாவது ரெண்டாயிரத்து ஐநூறு. அவருக்கு இருந்தது ரெண்டரை லட்சம்.

எப்படி ஆச்சுன்னு நோண்டுனோம். லேப்ல ரத்த அணுவை எண்ணுற மெஷின் 250ன்னு குடுக்குது, ஆயிரக் கணக்குல. நம்ம டாக்டருங்க லட்சத்துலதான் பாப்பாங்க, அதனால லேப்ல அதை 2.5ன்னு திருத்தி சேவ் பண்ணுவாங்க. "லட்சம்"ங்கற வார்த்தை எங்க இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? பிரிண்ட் டெம்ப்ளேட்ல. டேட்டாபேஸ்ல வெறும் 2.5 மட்டும்தான் இருந்துச்சு. பழைய ரெக்கார்டு சிலதுல 250, கையால எண்ணி எழுதுன காலத்துல 250000, மூணு விதமும் ஒரே கட்டத்துல கெடக்கு. இதுல எனக்கு மனசு விட்டுப் போனது என்னன்னா, மெஷின் யூனிட்டையும் சேர்த்துதான் அனுப்புது. மெஷின் அனுப்புற ஹெச்எல்7 மெசேஜ்ல ஓபிஎக்ஸ்னு ஒரு வரி வரும், அஞ்சாவது கட்டத்துல வேல்யூ, ஆறாவதுல யூனிட். 2017ல நான் எழுதுன புரோகிராம் அஞ்சாவதை எடுத்துக்கிட்டு ஆறாவதை தூக்கிப் போட்டுருக்கு. ஆறு வருசமா ஒரு ஆளுக்கும் தெரியல, ஏன்னா பேப்பர்ல சரியா வந்துட்டிருந்துச்சு, ஆஸ்பத்திரிக்குள்ள எல்லாருக்கும் 2.5ன்னா ரெண்டரை லட்சம்னு புரியும். வெளிய அனுப்பும்போதுதான் அந்தப் புரிதல் கூடப் போகலன்னு தெரியுது. டெங்கு சீசன்ல ஒரு புள்ளைய பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணும்போது இந்த நம்பர் இப்படிப் போயிருந்தா என்ன ஆகும்னு அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

யூனிட்டுக்கு ஃபயர்ல யூகம்னு (UCUM) ஒரு ஸ்டாண்டர்டு. தமிழ்ல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதுக்கு நேர் எதிர், இதுல யூகிக்க இடமே குடுக்காது. நாங்க அதுக்கப்பறம் டேட்டாபேஸ்ல எல்லா டெஸ்டுக்கும் யூனிட்டை வேல்யூ பக்கத்துலயே கட்டாயமா வெச்சோம், லட்சம்ங்கறது ஸ்க்ரீன்லயும் பிரிண்ட்லயும் மட்டும். பழைய ரெக்கார்டுல பிளேட்லெட் எந்தக் கணக்குன்னு உறுதியா சொல்ல முடியாததை கோடா அனுப்பாம பிடிஎஃப்பா மட்டும் விட்டுட்டோம்.

அப்பறம் டெஸ்ட் பேருக்கு கோடு, அதுக்கு லாயிங்க்னு (LOINC) ஒரு லிஸ்ட், அமெரிக்கால ரீஜென்ஸ்ட்ரீஃப் இன்ஸ்டிட்யூட் வெச்சு நடத்துறாங்க, யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம். எங்க லேப் மாஸ்டர்ல நானூத்தி சொச்சம் டெஸ்ட். எஃப்பிஎஸ், சுகர் எஃப், குளுக்கோஸ் ஃபாஸ்டிங், வெறும் வயிறுன்னு தமிழ்ல ஒண்ணு, நாலும் ஒரே டெஸ்ட், லாயிங்க்ல 1558-6. சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தா 1521-4. வார்டுல நர்ஸ் விரல்ல குத்தி குளுக்கோமீட்டர்ல பாத்தா அது 41653-7, மூணையும் ஒரே கிராஃப்ல போட்டா டாக்டர் ஏமாந்துருவார்.

இதை நானே உக்காந்து பேரைப் பாத்து மேட்ச் பண்ணிடலாம்னு நெனைச்சு பாதி லிஸ்ட் முடிச்சும் வெச்சிருந்தேன். பிளேட்லெட் கதைக்கு அப்பறம் பயந்துபோய் லேப் அக்காகிட்ட ஞாயித்துக்கிழமை மதியம் வர்றேன், கூட உக்காருங்கக்கான்னு கேட்டேன். முதல் ஞாயித்துக்கிழமையே பிளட் யூரியால புடிச்சிட்டாங்க. நான் பியூஎன்னுக்கான கோடை போட்டிருந்தேன், 3094-0. நம்ம ஊர் லேப்ல போடுறது யூரியா, அதுக்கு 3091-6. பியூஎன்ங்கறது யூரியால இருக்குற நைட்ரஜன் மட்டும், அதை 2.14ஆல பெருக்குனாத்தான் யூரியா. ரெண்டுக்கும் யூனிட் ஒண்ணுதான், மில்லிகிராம் பெர் டெசிலிட்டர், அதனால எந்த செக்கும் இதை புடிக்காது. யூரியா 40ங்கறது நார்மலை ஒட்டுன நம்பர், அதையே பியூஎன் 40ன்னு படிச்சா கிட்னி கெட்டுப் போச்சுன்னு நெனைப்பாங்க. "மெஷின் கிட் பாக்ஸ்ல என்ன எழுதிருக்குன்னு பாக்காம எப்படி தம்பி போட்டீங்க"ன்னு கேட்டாங்க. அதுக்கப்பறம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் கிட் பாக்ஸை எடுத்து வெச்சுக்கிட்டு பாத்தோம். ஏழு ஞாயித்துக்கிழமை. நாங்க அவங்களுக்கு அதுக்கு பணம் குடுத்தோம், இதை எழுதிச் சொல்றது ஏன்னா, இது டெவலப்பர் வேலை இல்ல, லேப் வேலை, பட்ஜெட்ல அதுக்கு இடம் வைங்க.

டாக்டர் எழுதுற நோய்ப் பேருக்கு ஸ்னோமெட் சிடின்னு இன்னொரு கோடு லிஸ்ட். இந்தியா 2014ல இருந்து அதுல மெம்பர், அதனால நமக்கு லைசென்ஸ் காசு கிடையாது. லட்சக்கணக்குல இருக்குற அந்த லிஸ்ட்டை டாக்டர் முன்னாடி திறந்து வெச்சா ஒரு ஓபிக்கு கூட நேரம் பத்தாது, அவரே "எனக்கு டைப் பண்ண நேரமில்ல தம்பி"ன்னுட்டார். ஆறு மாச பிரிஸ்கிரிப்ஷனை எடுத்து அவர் அதிகமா எழுதுற அறுபது நோய்ப் பேரை பட்டனா வெச்சுக் குடுத்தோம். அவர் டிஎம் (சர்க்கரை நோய்)னு எழுதுறதெல்லாம் டைப் 2தானான்னு கேட்டதுக்கு கொஞ்சம் யோசிச்சுட்டு, எல்லாம் இல்லன்னார், அதனால ரெண்டுக்கும் தனித்தனி பட்டன். மத்தது வெறும் எழுத்தா போகுது, பரவால்ல.

சாண்ட்பாக்ஸ்ல இருந்து வெளிய வர ஃபங்ஷனல் டெஸ்டிங், அப்பறம் மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியல்ல இருக்குற ஒரு ஆடிட்டர்கிட்ட செக்யூரிட்டி சர்ட்டிஃபிகேட். முதல் ஆடிட்ல லாகின் செஷன் ஒழுங்கா முடியலன்னு திருப்பி அனுப்புனாங்க, சரியாத்தான் சொன்னாங்க. ஆடிட் செலவை முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, எங்கள மாதிரி டீமுக்கு அது பெரிய தொகை.

லைவ் போனதும் கவுண்டர்ல வந்த தொல்லை ஓடிபி. அம்மா இங்க நிக்குறாங்க, போன் பையன்கிட்ட, பையன் திருப்பூர்ல கம்பெனில, மெஷின் சத்தத்துல போன் கேக்காது. அந்த நேரத்துல ஆபா வேணாம், பழைய மாதிரியே டோக்கன் போடுங்கன்னு ரிசப்ஷன்ல சொல்லி வெச்சிருக்கோம், ஆபா இல்லன்னு யாரையும் நிக்க வைக்கக் கூடாது.

எம்3 முடிஞ்சு ரெண்டாவது மாசம்னு நெனைக்கிறேன், நான் வேற ஒரு பிரின்டர் பிரச்சனைக்கு ஆஸ்பத்திரில இருந்தேன். வெளியூர்ல காட்டிட்டிருந்த ஒரு பெரியவர், மக கூட வந்திருந்தாங்க. டாக்டர் சம்மதம் கேட்டு அனுப்புனார், அந்தப் பொண்ணு போன்ல என்னென்ன கேக்குறாங்கன்னு ஒவ்வொண்ணா படிச்சுட்டு, ஒரு வருசத்துக்கு லேப் ரிப்போர்ட் மட்டும்னு மாத்தி ஓகே குடுத்துச்சு. கொஞ்ச நேரத்துல வேற யாரோ எழுதுன சாஃப்ட்வேர்ல இருந்து கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் வேல்யூ மூணு வந்து, அன்னிக்கு எங்க லேப்ல எடுத்த வேல்யூவோட கிராஃப்ல ஒரே கோட்டுல போய் உக்காந்துச்சு. 1.3, 1.5, 1.6, இப்ப 1.9. ரெண்டு பக்கமும் லாயிங்க் 2160-0, ரெண்டு பக்கமும் ஒரே யூனிட். டாக்டர் ஸ்க்ரீனை அந்தப் பொண்ணு பக்கம் திருப்பி, இந்தக் கோடு மேல போகுது பாரும்மா, மூட்டு வலிக்கு என்ன மாத்திரை வாங்கிக் குடுக்குறீங்கன்னு கேட்டார். அந்தப் பொண்ணு பர்ஸ்ல இருந்து பாதி கிழிஞ்ச ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் குடுத்துச்சு.

கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் பிடிஎஃப்பாத்தான் போகுது. கிருமி பேரு, ஒவ்வொரு மருந்துக்கும் கேக்குமா கேக்காதான்னு அடுக்கடுக்கா வர்றதால அது தனி வேலை. லேப் அக்கா நோட்ல லிஸ்ட் போட்டு வெச்சிருக்காங்களாம், வர்ற ஞாயித்துக்கிழமை போறேன்.